நீக்கு என்னும் வினையும் நிரற்பொதியும்: ஆர் மொழிச் சூழலை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

கணிப்பொறிச் செய்திகளைத் தமிழாக்குவோர் கைக்கு வரும் பட்டியல்களில் ‘ரிமூவ்’, ‘டெலீட்’, ‘அன்இன்ஸ்டால்’, ‘அன்லோட்’, ‘டிடாச்’, ‘பர்ஜ்’ முதலிய ஆங்கில வினைகள் பெரும்பாலும் தனித்தனித் தொடர்களாகவே வந்து சேர்கின்றன. எப்பொருளின் மீது, எந்நிலையில் அவ்வினை நிகழ்கின்றது என்னும் குறிப்பு உடன் வருவது அரிது. எனவே அவை அனைத்திற்கும் ‘நீக்கு’ என்னும் ஒரே வினையை இட்டு நிரப்பும் போக்கு எளிதில் தோன்றிவிடுகின்றது. கடிதம் எழுதவும் படம் வரையவும் பயன்படும் மென்பொருள்களில் இதனால் பெருங்கேடு விளைவதில்லை. நிரலாக்கச் சூழலிலோ நிலைமை வேறு. அங்கு, வேண்டாத ஒரு நிரற்பொதியை ‘நீக்குதல்’ என்பது ஒன்றோடொன்று தொடர்பற்ற விளைவுகளையுடைய நான்கு செயல்களுள் எதையும் குறிக்கலாம். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் கணிப்பு நிற்பதில்லை. தவறான விடையுடன் தொடர்ந்து நடக்கின்றது.

இச்சிக்கலை விளக்க ஆர் மொழி பொருத்தமான களமாகும். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய இம்மொழி 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் 1.0.0 என்னும் பதிப்பை எட்டியது. ஒலியியல், சமுதாய மொழியியல், சொல்வங்கி ஆய்வு ஆகிய துறைகளில் அளவைசார் ஆய்வு செய்வோர் பலர் இன்று இதனைக் கையாளுகின்றனர். அவருள் பெரும்பாலோர் நிரலாக்கம் பயின்றவர் அல்லர். வேண்டிய பொதியை நிறுவி, ஏற்றி, கணக்கிட்டு, முடிவை எடுத்துக்கொள்பவர். ஆதலின் திரையில் தோன்றும் சொல்லே அவர்களுக்கு வழிகாட்டி.

1. நான்கு நிலைகள்

ஆர் மொழியில் ‘பொதி’யும் ‘நூலக’மும் ஒன்றல்ல. நூலகம் என்பது வன்தட்டில் பொதிகள் வைக்கப்பட்டிருக்கும் இடம். பொதி என்பது அங்குள்ள நூல். பொதியை எடுத்துப் பயன்படுத்துவதற்கான கட்டளைக்கு ‘லைப்ரரி’ என்றே பெயரிட்டுவிட்டமையால், பொதியையே நூலகம் என வழங்கும் வழக்கம் ஆங்கிலத்திலும் வேரூன்றிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அம்மயக்கத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இங்குப் பொதி, நூலகம் என்னும் இரு சொற்களும் மேற்கூறிய பொருள்களிலேயே ஆளப்படுகின்றன.

ஒரு பொதி நூலகத்தில் இருப்பது முதல் நிலை. இது நிறுவப்பட்ட நிலை. நூலகத்தில் இருப்பதனாலேயே அது நடப்பு அமர்வில் எதையும் செய்துவிடுவதில்லை. அதன் உள்ளீடு நினைவகத்தில் ஏறி அதற்கென ஒரு பெயர்வெளி அமைவது இரண்டாம் நிலை. இது ஏற்றப்பட்ட நிலை. அப்பொதியின் பெயர்கள் தேடுவரிசையில் வந்து அமர்ந்து, முன்னொட்டு ஏதுமின்றி அழைக்கத்தக்கனவாவது மூன்றாம் நிலை. இதனை மாட்டப்பட்ட நிலை எனலாம். பொதியைக் கொண்டு பயனர் உருவாக்கிய அட்டவணைகளும் எண்வரிசைகளும் பணிப்பரப்பில் தங்கியிருப்பது நான்காம் நிலை.

தேடுவரிசையின் இயல்பு இங்கு முதன்மையானது. பயனர் ஒரு பெயரை இட்டதும் ஆர் அதனை முதலில் பணிப்பரப்பில் தேடும். இல்லையெனில், இறுதியாக மாட்டப்பட்ட பொதியில் தொடங்கி, முன்னர் மாட்டப்பட்டவற்றினூடே சென்று, ‘பேஸ்’ என்னும் அடிப்படைப் பொதியில் முடிக்கும். முதலில் கண்டதே கொள்ளப்படும். கந்தசாமி என்னும் பெயருடையார் இருவர் இருக்கும் தெருவில், கூப்பிட்ட குரலுக்கு முதல் வீட்டார் எட்டிப் பார்ப்பது போன்றது இது. இரண்டாம் கந்தசாமி காணாமற் போய்விடவில்லை. அவர்வரை குரல் எட்டவில்லை. இதனையே ஆங்கிலத்தில் முகமூடியிடுதல் எனப் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். தமிழில் ‘பெயர்மறைப்பு’ என்பது போதும்.

2. வேண்டாத பொதி என்பது எது?

ஹாட்லி விக்காம் 2008இல் வெளியிட்ட ‘ப்ளையர்’ என்னும் பொதியும், அதன் வழித்தோன்றலாக 2014இல் வெளிவந்த ‘டி-ப்ளையர்’ என்னும் பொதியும் தக்க எடுத்துக்காட்டாகும். குறட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும் இப்பெயர்களைப் போலவே, இவற்றின் உள்ளே உள்ள செயற்கூறுகளின் பெயர்களும் பல ஒத்துள்ளன. சுருக்கம் காணும் ‘சம்மரைஸ்’, புதிய நிரலைச் சேர்க்கும் ‘மியூட்டேட்’ ஆகியன இரண்டிலும் உண்டு. டி-ப்ளையரில் உள்ளவை, அட்டவணை முன்பே குழுக்களாகப் பகுக்கப்பட்டிருந்தால், குழுதோறும் தனித்தனியே கணக்கிடும். ப்ளையரில் உள்ளவை அப்பகுப்பை அறியா. அட்டவணை முழுவதையும் ஒன்றாகவே கொள்ளும். டி-ப்ளையருக்குப் பின்னர் ப்ளையர் மாட்டப்படின், பின்னதன் பெயர்கள் முன்னதன் பெயர்களை மறைத்துவிடும்.

‘சம்மரைஸ்’ தவறும்போது பிழை கண்ணில் படும். இருபது வரிகள் வரவேண்டிய இடத்தில் ஒரே வரி வந்தால் எவரும் ஐயுறுவர். ‘மியூட்டேட்’ தவறும்போதுதான் இடர். உயிரொலிகளின் ஃபார்மன்ட் அளவுகளைப் பேசுவோர்தோறும் சீராக்குவதற்கு, லொபானொவ் 1971இல் வெளியிட்ட முறை இன்றும் பரவலாகக் கையாளப்படுகின்றது. ஒருவருடைய ஒவ்வோர் அளவிலிருந்தும் அவருடைய சராசரியைக் கழித்து, அவருடைய திட்டவிலக்கத்தால் வகுப்பதே அம்முறை. குரல்வழியின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதனால் எழும் வேற்றுமையைக் களைந்து, மொழியொலி வேற்றுமையை மட்டும் காண்பதே இதன் நோக்கம்.

இருவரைக் கொண்ட ஓர் அட்டவணையைக் கருதுவோம். ஒருவரின் முதல் ஃபார்மன்ட் சராசரி 450 ஹெர்ட்சு, மற்றவரின் சராசரி 550 ஹெர்ட்சு. இருவருக்கும் திட்டவிலக்கம் 100. அளவுகளின் எண்ணிக்கையும் சமம் என்க. 550 ஹெர்ட்சு அளவுடைய ஓர் உயிரொலி, முதலாமவர் வாயில் பிறந்தால் அதன் சீராக்கிய மதிப்பு 1. இரண்டாமவர் வாயில் பிறந்தால் 0. அதாவது ஒருவருக்கு அது தாழ்ந்த நாவின் பக்கம் சாய்ந்த ஒலி. மற்றவருக்கு நடுவில் நிற்கும் ஒலி. ப்ளையரின் ‘மியூட்டேட்’ குறுக்கிட்டாலோ, சராசரி 500 ஆகவும் திட்டவிலக்கம் ஏறத்தாழ 112 ஆகவும் கொள்ளப்பட்டு, இருவருக்கும் ஒரே மதிப்பு, சுமார் 0.45, கிடைக்கும். வரிகளின் எண்ணிக்கை மாறவில்லை. நிரலின் பெயர் மாறவில்லை. கணக்கிடும்போது எச்சரிக்கையும் எழுவதில்லை. களையப்பட வேண்டிய உடற்கூற்று வேற்றுமை அப்படியே தங்கி, வட்டார வேற்றுமையாகவோ பால்சார் வேற்றுமையாகவோ கட்டுரையில் ஏறிவிடும்.

ப்ளையர் மாட்டப்படும் கணத்தில், இந்த வரிசையினால் சிக்கல் நேரலாம் என்னும் எச்சரிக்கை ஒன்று திரையில் தோன்றுவது உண்மையே. எனினும் பத்துப் பொதிகளை ஒருசேர அழைக்கும் நிரலில் அது மற்ற அறிவிப்புகளுக்கிடையே ஓடி மறையும். அறிவிப்புகளை அடக்கிவைக்கும் கட்டளை இருப்பின் தோன்றவே தோன்றாது.

3. எதனை நீக்குவது?

இந்நிலையில் ப்ளையரை ‘நீக்க வேண்டும்’ என்று பயனர் முடிவு செய்கின்றார். அவர் முன் உள்ள வழிகளை நோக்குவோம்.

நிரல்களின் தலைப்பில் பலர் வழக்கமாக எழுதிவைக்கும் வரி ஒன்றுண்டு: பட்டியலிட்டு அனைத்தையும் ‘ஆர்எம்’ செய்க என்பது அதன் பொருள். இதனால் சூழல் தூய்மையாகிவிடுகின்றது என்னும் நம்பிக்கை ஆய்வு மாணவரிடையே ஆழப் பதிந்துள்ளது. உண்மையில் அது பணிப்பரப்பில் உள்ள பொருள்களை மட்டுமே அழிக்கும். புள்ளியில் தொடங்கும் பெயருடைய பொருள்களை அதுவும் செய்வதில்லை. மாட்டப்பட்ட பொதிகள் மாட்டியபடியே இருக்கும். வீட்டைப் பெருக்கினாலும் சுவரில் மாட்டிய படம் இறங்குவதில்லை அன்றோ!

இதற்கு நேர்மாறான கோடியில் ‘ரிமூவ்.பேக்கேஜஸ்’ என்னும் கட்டளை உள்ளது. பெயரளவில் இதுவே முழுமையான நீக்கமாகத் தோன்றும். இது பொதியை நூலகத்திலிருந்தே அகற்றுகின்றது. ஆயின், நடப்பு அமர்வில் ஏற்றப்பட்ட படி நினைவகத்தில் தொடர்ந்து நிற்பதனால், பெயர்மறைப்பு அகல்வதில்லை. பயனர் அஞ்சிய தவறு அடுத்த வரியிலும் நிகழும். மறுநாள் ‘ரீஷேப்2’ என்னும் பொதியை அழைத்தால் அது ஏறாது. ஏனெனில் ப்ளையரைத் தன்னுள் வரவழைத்துக்கொண்டு இயங்கும் பொதி அது. அகற்றும் கட்டளை, அகற்றப்படுவதை நம்பி எவை உள்ளன என்று உசாவுவதில்லை. மேலும், பயனருக்கென ஒரு நூலகமும் பொதுவில் ஒரு நூலகமும் உள்ள கணிப்பொறிகளில், இடம் குறிப்பிடாதபோது முதல் நூலகத்தில் மட்டுமே அகற்றம் நிகழும். இரண்டாவதில் ஒரு படி இருந்தால், ‘நீக்கப்பட்ட’ பொதி மறுநாளும் அழைத்தவுடன் வந்து நிற்கும்.

இங்கு வேண்டப்படுவது ‘டிடாச்’ என்னும் கட்டளையே. அது தேடுவரிசையிலிருந்து ப்ளையரைக் கழற்றும். அக்கணமே டி-ப்ளையரின் பெயர்கள் வெளிப்படும். பொதியின் பெயர்வெளி நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கும். ரீஷேப்2 முன்போலவே அதனைப் பயன்படுத்தும். ஆகவே வேண்டாதது ப்ளையர் என்னும் பொதியன்று. அது தேடுவரிசையில் பெற்றுள்ள இடமே. ‘நீக்கு’ என்னும் சொல் இவ்வேறுபாட்டைக் காட்டத் தவறும்போது, நோயைத் தொடாமல் உறுப்பை வெட்டும் மருத்துவமாக அது முடிகின்றது.

நினைவகத்திலிருந்தும் இறக்கிவிட முனைவோர் ‘அன்லோட்’ என்னும் குறிப்பைச் சேர்க்கலாம். ரீஷேப்2 ஏறியிருப்பின் இம்முயற்சி மறுக்கப்படும். மறுக்கப்படாதபோதும், தொகுக்கப்பட்ட குறிமுறைக் கோப்புகள் பொதுவாக நினைவகத்தை விட்டு அகல்வதில்லை என்றும், பொதுச்செயற்கூறுகளுக்காகப் பதிந்துவைத்த வினைமுறைகள் நீங்குவதில்லை என்றும் ஆர் மொழியின் கையேடே கூறுகின்றது. வரைபடங்களுக்கான ‘கிரிட்’ பொதியை இறக்கினால் திறந்திருக்கும் வரைகளங்கள் யாவும் மூடிக்கொள்ளும். ஐயமற்ற தூய்மை வேண்டுவோர் அமர்வை முடித்துப் புதிதாகத் தொடங்குவதே முறை. அவ்வாறு தொடங்கும்போது பழைய பணிப்பரப்பு தானே மீண்டு வராதவாறு அமைத்திருத்தலும் வேண்டும்.

4. மீட்பெதிர் வினைகள்

இனி மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘இன்ஸ்டால்’ என்பதன் எதிர்ச்செயல் ‘அன்இன்ஸ்டால்’; ‘லோட்’ என்பதற்கு ‘அன்லோட்’. இங்கு வரும் ‘அன்’ என்னும் முன்னொட்டு எதிர்மறையைக் குறிப்பதன்று. செய்த செயலை மீள அவிழ்ப்பதைக் குறிப்பது. பெயரடைகளில் வரும் எதிர்மறை ‘அன்’ வேறு, வினைகளில் வரும் மீட்பெதிர் ‘அன்’ வேறு. இரண்டும் பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு வடிவங்களாக இருந்து பின்னர் ஒலியால் ஒன்றியவை. ஜெர்மன் மொழியில் முன்னதற்கு ‘உன்’, பின்னதற்கு ‘என்ட்’ என இன்றும் வேறுபாடு காணலாம்.

தமிழில் மீட்பெதிர்ப் பொருள் தரும் ஒட்டு இல்லை. எதிர்மறை ஒட்டு உண்டு. ‘நிறுவாத பொதி’ என்றால் ஒருபோதும் நிறுவப்படாத பொதி எனப் பொருள்படும், நிறுவிப் பின் எடுக்கப்பட்ட பொதியைக் குறிக்காது. இவ்வேறுபாடு வெறும் நுட்பமன்று. டெபியன் இயங்குதளத்தின் பொதி மேலாளர், நிறுவப்படாத பொதியையும், எடுக்கப்பட்டுத் தன் அமைப்புக் கோப்புகளை மட்டும் விட்டுச்சென்ற பொதியையும் இரு வேறு நிலைகளாகவே பதிவு செய்கின்றது. எடுப்பதற்கு ஒரு சொல், அமைப்புக் கோப்புகளோடு சேர்த்துத் துடைப்பதற்கு மற்றொரு சொல், துணையாக வந்து இப்போது எவருக்கும் வேண்டாதுபோன பொதிகளைத் தானே களைவதற்கு மூன்றாவது சொல் என அது பகுத்து ஆளுகின்றது.

ஒட்டு இல்லாத குறையைத் தமிழ் தனிவினைகளின் இணைகளால் ஈடுசெய்கின்றது: ஏற்று, இறக்கு, மாட்டு, கழற்று, கட்டு, அவிழ், நடு, பிடுங்கு, மூடு, திற. இவ்விணைகள் செயப்படுபொருளைப் பொறுத்து மாறுவன என்பது குறிப்பிடத்தக்கது. கதவைப் பூட்டினால் திறக்கின்றோம். ஏரைப் பூட்டினால் அவிழ்க்கின்றோம். ‘பூட்டு’ ஒன்றே, அதன் மீட்பெதிர் இரண்டு. எனவே ஆங்கில வினையைத் தனியே பிரித்தெடுத்து அதற்குத் தமிழில் ஒரு நிகரன் தேடுவதைவிட, அதன் நேர்வினைக்கு எந்தத் தமிழ் வினை கொள்ளப்பட்டுள்ளதோ அதன் இணையைத் தேடுவதே இயல்பான வழி. ‘லோட்’ என்பதற்கு ‘ஏற்று’ என்று கொண்டபின் ‘அன்லோட்’ என்பதற்கு ‘இறக்கு’ என்பது தானே அமையும். ‘டவுன்லோட்’ என்பதற்குப் ‘பதிவிறக்கு’ வழக்கில் நிலைத்துவிட்டமையால் மயக்கம் நேருமே என்னும் தடை எழலாம். ‘நினைவகத்திலிருந்து இறக்கு’ என இடத்தைச் சேர்த்துச் சொன்னால் அத்தடை நீங்கும்.

‘அட்டாச்’ என்பதற்கு இதுவரை ‘இணை’ என்பதே பெரிதும் வழங்குகின்றது. மின்னஞ்சலில் அது சரி. ஆயின் ‘இணை’ என்பதன் மீட்பெதிர் ‘பிரி’ அல்லது ‘துண்டி’ என்றே வரும். இரண்டும் இங்குப் பொருந்தா. தேடுவரிசையில் ஒன்றைத் தொங்கவிடுவதும் எடுப்பதும் கொக்கியில் சட்டையை மாட்டுவதும் கழற்றுவதும் போன்றவை. சட்டை அலமாரிக்குத் திரும்புகின்றது, எரிக்கப்படுவதில்லை. ‘மாட்டு’ என்பது பேச்சு வழக்கின் மணமுடையது எனச் சிலர் விலக்கலாம். பயனர் தவறாக உணர இடமளிக்காத சொல்லாயின் அவ்விலக்கு ஏற்கத்தக்கதன்று.

சிக்கல் ‘நிறுவு’ என்பதில்தான். சிலையை நிறுவுகின்றோம், நிறுவனத்தை நிறுவுகின்றோம். இவற்றுக்கு ஒரு தனி மீட்பெதிர் வினை தமிழில் அமையவில்லை. ‘நிறுவல்நீக்கு’ என்னும் கூட்டு இவ்விடைவெளியை நிரப்பப் புனைந்தது. நீக்கப்படுவது பொதியா, நிறுவல் என்னும் செயலா என்னும் ஐயம் அதில் இருந்தாலும் வழக்கு அதனைத் தீர்த்துவிட்டது எனலாம். ‘நூலகத்திலிருந்து அகற்று’ என்பது அதனினும் தெளிவு. ‘அழி’ என்பதைப் பணிப்பரப்புப் பொருள்களுக்கும் கோப்புகளுக்கும் மட்டும் உரியதாக்குவது நன்று. அகற்றியதை மீண்டும் நிறுவலாம், அழித்த கணக்கீட்டை மீண்டும் கணக்கிட்டே பெறவேண்டும்.

5. தொக்கு நிற்றல்

கழற்றப்பட்டும் இறக்கப்படாத பொதியின் நிலையை எவ்வாறு கூறுவது? பெயரைச் சொல்லி அழைத்தால் வாராது. ஆயினும் பிற பொதிகளினூடே செயற்பட்டுக்கொண்டிருக்கும். பெயர்வெளியின் பெயரை முன்னிட்டு, இரட்டை முக்காற்புள்ளியிட்டு அழைத்தால் வரும். தமிழ் இலக்கண மரபு இத்தகைய நிலைக்குச் சொல் உடையது. புணர்ச்சியில் ஓர் எழுத்து இல்லாமற்போவதைக் ‘கெடுதல்’ என்றும், தொகையில் உருபு வெளிப்படாது பொருளை மட்டும் தந்து நிற்பதைத் ‘தொக்கு நிற்றல்’ என்றும் அம்மரபு பிரித்தறிந்தது. தொகை என்பதன் விளக்கத்தில் உரையாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உருபு தொகுதலின் தொகை என்பாரும், சொற்கள் ஒருசொல் நீர்மைப்பட்டுத் தொகுதலின் தொகை என்பாரும் உளர். அவ்வாதம் எவ்வாறாயினும், புலப்படாமையும் இல்லாமையும் ஒன்றல்ல என்பதில் இருசாராரும் ஒன்றுபடுவர். கழற்றப்பட்ட பொதி தொக்கு நிற்பது. அகற்றப்பட்ட பொதி கெட்டது. இவற்றை அப்படியே திரைச்சொற்களாக்குவது பொருந்தாது. பாடநூலில் விளக்கம் எழுதுவோர்க்கும் மொழியியல் மாணவர்க்குக் கற்பிப்போர்க்கும் இவ்வொப்புமை கைகொடுக்கும்.

ஆர் மொழியின் செய்திகள் நிரலிலிருந்து பிரித்துத் தனிக்கோப்புகளில் வைக்கப்பட்டுள்ளமையால் அவை ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம் எனப் பல மொழிகளில் வழங்குகின்றன. தமிழாக்கும்போது கருதத்தக்க செய்தி ஒன்று: முன்னர்க் கூறிய மறுப்புச் செய்தி. இன்ன பெயர்வெளி இன்னதால் வரவழைக்கப்பட்டுள்ளது, ஆதலின் இறக்க முடியாது என்று ஆங்கிலம் செயப்பாட்டு வினையில் கூறுகின்றது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘ப்ளையர் ரீஷேப்2ஆல் இறக்குமதி செய்யப்பட்டுள்ளதால் நீக்க முடியாது’ என்று வரும். ‘இறக்குமதி’யும் ‘இறக்கு’தலும் அருகருகே நின்று ஒன்றையொன்று கெடுக்கும், ‘நீக்க முடியாது’ என்பதோ பொதியை வன்தட்டிலிருந்து அகற்ற இயலாது என்னும் தவறான முடிவுக்குப் பயனரைக் கொண்டுசெல்லும். வினைமுதலை எழுவாயாக்கி, ‘ரீஷேப்2 பயன்படுத்திக்கொண்டிருப்பதால் ப்ளையரை நினைவகத்திலிருந்து இறக்க இயலவில்லை’ என்று எழுதினால், எது தடுக்கின்றது, எங்கிருந்து இறக்கவில்லை என்னும் இரண்டும் தெளிவாகும். அடுத்து ரீஷேப்2ஐ முதலில் இறக்க வேண்டும் என்பதைப் பயனர் தாமே உய்த்துணர்வார்.

பலர் கையாளும் ஆர்ஸ்டூடியோ இடைமுகத்தில் இவ்வேறுபாடு சொல்லின்றியே காட்டப்பட்டுள்ளது. பொதிகளின் பட்டியலில் பெயருக்கு முன் ஒரு சிறு கட்டம் உள்ளது; அதிலுள்ள குறியை எடுத்தால் பொதி கழலும். அதே வரியின் மறுகோடியில் ஒரு பெருக்கற்குறி உள்ளது. அதனை அழுத்தினால் பொதி நூலகத்தை விட்டே அகலும். இவ்விரண்டிற்கும் ‘நீக்கு’ என்றே உதவிக்குறிப்பு எழுதப்படுமாயின், படம் பிரித்துக்காட்டியதைச் சொல் மீண்டும் கலந்துவிடும்.